ஆற்றில் விடப்பட்ட மீன்

ஓர் ஆற்றில் இயற்கையாக இல்லாத மீனை அதனுள் கொண்டுவந்து விடுவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டா? கொலை, பொய், வாக்குத் தவறுதல் ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் சிந்தித்துப் பழகிய ஒழுக்கவியலாளருக்கு இவ்வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், ஹோட்டன் சமவெளியின் புல்வெளிகளினூடாக ஓடும் பெலிகுல் ஓயாவைப் பொறுத்தவரை இது வெறுங் கற்பனை வினா அன்று. வட அமெரிக்காவின் பசுபிக் கரையோர ஆறுகளுக்கு உரிய வானவில் ட்ரவுட், அந்த ஓடையில் மனிதன் கைபட விடப்பட்டுப் பின்னர் தானாகவே இனம்பெருக்கி நிலைகொண்டுவிட்டது. நடந்து முடிந்ததை நியாய அநியாய நோக்கில் ஆராய்வதால் ஆவது யாது என்று கேட்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மீன் விடுதல் ஒருமுறை நிகழ்ந்து ஓயும் செயல் அன்று. பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைப் பருவந்தோறும் ஆற்றில் சேர்ப்பதே அதன் இயல்பு. ஆகவே அது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்கப்படும் செயலாகும். புதிதாகத் தீர்மானிக்கப்படும் எதற்கும் காரணம் கேட்கலாம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ட்ரவுட் மீன் உலகைச் சுற்றிவந்த கதை, ஆங்கிலக் குடியேற்றவாதத்தின் கதையோடு பிரிக்கமுடியாதபடி பின்னியுள்ளது. 1864ஆம் ஆண்டில் நோர்போக் என்னும் கப்பல், பனிக்கட்டிகளுக்கிடையே ஈரப்பாசி இட்டு அடைக்கப்பட்ட பெட்டிகளில் ட்ரவுட், சல்மன் மீன்களின் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியப் பகுதிக்குச் சுமந்து சென்றது. குளிர் முட்டையின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் என்பதே அவ்வுத்தியின் உட்பொருள். வெப்ப வலயத்தைக் கடக்கும் வரை உறங்கிக் கிடந்த உயிர்கள் தாஸ்மேனியாவின் குளிர்ந்த நீரில் கண் விழித்தன. அங்கிருந்து நியூசிலாந்து சென்றன. 1880களில் இலங்கையின் முறை வந்தது. கபில ட்ரவுட் முட்டைகள் நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் துரைமாரின் மீன்பிடிக் கழகமும் பொரிப்பகமும் தோன்றி, நுவரெலியாவைச் சூழ்ந்த ஓடைகளும் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளும் தூண்டில்காரரின் களங்களாயின. நீலகிரியிலும் இதே கதைதான். அங்கு 1863இல் பிரான்சிஸ் டே என்பவர் செய்த முயற்சி தோற்றது. 1907 அளவில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தபோதே மீன் வேரூன்றியது.

ஏன் இத்துணைப் பாடு? உணவுக்காக அன்று என்பது வெளிப்படை. சாமுவேல் பேக்கர் 1846 முதல் 1855 வரை வாழ்ந்து, ஆங்கிலப் பசுக்களையும் ஆங்கில விதைகளையும் வருவித்து, நுவரெலியாவை இங்கிலாந்தின் ஒரு துண்டாக்க முயன்றார். அதே மனிதர் அம்மலைகளின் யானைகளைச் சுட்டு வீழ்த்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை, ட்ரவுட் உண்டு. இருந்ததை அகற்றுதலும் இல்லாததை நிரப்புதலும் ஒரே ஆசையின் இரு கைகளாகவே இயங்கின. தான் பிறந்த நாட்டைப் போன்ற ஒரு நாட்டைத் தான் ஆளவந்த நாட்டில் காணவேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையில் ஏக்கமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழ்வோன் தன் ஆற்றின் மீனை எண்ணி வருந்துவது மனித இயல்பே. ஆனால் ஏக்கம் உடைய எல்லோருக்கும் ஓர் ஆறு வாய்ப்பதில்லை.

ட்ரவுட்டின் உடலியல் இக்கதைக்கு ஓர் எல்லை வகுத்தது. அம்மீன் குளிர்ந்த, ஒட்சிசன் மிக்க, தெளிந்த ஓட்டநீரையே நாடும். நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைக் கடந்தால் அது தளர்வுறும். 25 பாகை அளவில் நெடுநேரம் உயிர்தரித்தல் அரிது. நீர் வெப்பமுறுந்தோறும் அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவதே இதற்கு ஒரு காரணம். பெண்மீன் ஓடையின் அடியிலுள்ள பரற்கற்களை வாலால் விலக்கிக் குழி செய்து முட்டையிடும். கற்களுக்கிடையே நீர் ஓயாது ஓடினால்தான் முட்டை பிழைக்கும். மேட்டுநிலக் காடு வெட்டப்பட்டுச் சேறு இறங்கினால் கல்லிடை அடைபட்டு முட்டை மூச்சுத் திணறி இறக்கும். புவிநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே உள்ள ஒரு தீவில் இந்நிபந்தனைகள் நிறைவேறும் இடங்கள் மிகச் சில. இவற்றிலும் கபில ட்ரவுட் நிலைகொள்ளவில்லை. வானவில் ட்ரவுட்டே சமவெளியின் ஓடைகளில் இயற்கையாக இனம்பெருக்கியது. எனவே ஏனைய இடங்களில் தூண்டில்காரரின் இன்பம் பொரிப்பகத்தின் உழைப்பிலேயே தங்கியிருந்தது. தேயிலைக்காகக் காட்டை வெட்டியவர்களும் ட்ரவுட்டுக்காகத் தெளிந்த நீரை விரும்பியவர்களும் ஒரே மனிதர்கள் என்பது வரலாற்றின் சிறு நகைச்சுவைகளுள் ஒன்று.

மீன் விடுவதை ஆதரிப்போர் கூறும் வாதங்களுள் வலிமை மிக்கது, ஓடை வெறுமையாக இருந்தது என்பதாகும். அவ்வுயரத்து ஓடைகளில் இயற்கையாக மீனினங்கள் இருக்கவில்லை என்பதே ஆய்வாளர் பொதுவாகக் கொள்ளும் கருத்து. கீழேயுள்ள நீர்வீழ்ச்சிகளைத் தாண்டி மீன் ஏறுதல் எளிதன்று. அவ்வாறாயின் யாருடைய இடத்தையும் ட்ரவுட் பறிக்கவில்லை என்றும், யாருமில்லா வீட்டில் விளக்கேற்றியது போன்றதே இச்செயல் என்றும் வாதிடலாம்.

இவ்வாதம் "வெறுமை" என்ற சொல்லில் தங்கியுள்ளது. அச்சொல்லைச் சற்று ஐயத்தோடு நோக்குதல் தகும். மீனில்லா ஓடை உயிரில்லா ஓடை அன்று. ஹோட்டன் சமவெளியின் நீரோடைகளில் அன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு நன்னீர் இறால் அங்கு வாழ்கின்றது. விலங்கியலார் அதனைக் கரிடினா சிங்களென்சிஸ் என அழைப்பர். அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது. அதற்கு நேர்ந்துள்ள அச்சுறுத்தல்களுள் ட்ரவுட்டும் ஒன்றெனச் சுட்டப்படுகின்றது. பூச்சிகளின் குடம்பிகளும் நீரில் வளரும் வாற்பேய்களும் ட்ரவுட்டின் இரையாகத்தக்கவையே. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் இவ்விடயம் தெளிவாக ஆராயப்பட்டுள்ளது. அங்கும் உயர்மலை ஏரிகளுட் பெரும்பாலானவை இயற்கையில் மீனற்றவை. அவற்றில் பல்லாண்டுகளாக ட்ரவுட் விடப்பட்டது. அங்கு மிகுந்திருந்த மஞ்சட்கால் தவளை அருகியது. சில ஏரிகளில் வலையிட்டு மீன்களை அகற்றியபோது தவளைக் குடித்தொகை மீண்டும் பெருகியது. அகற்றியபோது மீண்டது என்பதே காரண காரியத் தொடர்புக்குச் சான்று. ஆக, "வெறுமை" எனப்பட்டது பார்ப்பவனின் விருப்பத்தை அளவுகோலாகக் கொண்ட வெறுமை. பிடிப்பதற்கு மீன் இல்லை என்பதை, எதுவுமே இல்லை என்று அவன் மொழிபெயர்த்துக்கொண்டான்.

இந்த மொழிபெயர்ப்பு மலைநாட்டுக்குப் புதியதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் பயிரிடப்படாமலும் ஆளில்லாமலும் கிடந்த நிலங்களை, மாறானது நிறுவப்படும் வரை, முடிக்குரியனவாகக் கருதியது. சேனைப்பயிர் செய்தோரும் மாடு மேய்த்தோரும் விறகும் தேனும் எடுத்தோரும் அந்நிலங்களில் இருந்தனர். ஆனால் கோப்பிச் செடி அங்கு இருக்கவில்லை. எனவே நிலம் வெறுநிலமாயிற்று. நிலத்தை வெறுநிலம் என்று கண்ட கண்ணே ஓடையை வெற்றோடை என்றும் கண்டது என்று கூறுவது மிகையாகாது.

இங்கு ஒரு பெரிய இடர்ப்பாடு எழுகின்றது. ட்ரவுட்டைக் கண்டிப்போருட் பலர் அது "அந்நிய" மீன் என்பதையே குற்றமாகச் சாட்டுகின்றனர். மண்ணுக்கு உரியது, மண்ணுக்கு உரியதல்லாதது என்று பிரிக்கும் இச்சொல்லாட்சி சூழலியல் நூல்களில் மட்டும் வாழ்வதில்லை. அதே மலைகளில், அதே தோட்டத் துரைமாரால், கடல் கடந்து கொண்டுவரப்பட்ட இன்னொரு கூட்டம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. மீன் முட்டைக்குப் பனிக்கட்டியும் பாசியும் கிடைத்தன. மனிதருக்கு அந்தப் பாதை கிடைத்தது. பின்னர் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இம்மண்ணுக்கு உரியவர் அல்லர் எனப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகள் அவர்களை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. இவ்வரலாற்றை அறிந்த எவரும் "வந்தேறி" என்ற சொல்லை மீனுக்கேனும் கூசாமற் பயன்படுத்துதல் இயலாது.

மீன் வேறு, மனிதர் வேறு. இரண்டையும் ஒப்பிடுவதே இழிவு என்ற மறுப்பு நியாயமானது. ஒப்புமையின் நோக்கம் மனிதரை மீனாக்குவது அன்று. ஒரு நியாயம் செல்லுபடியாகுமா என்பதைச் சோதிக்க, அதே வடிவத்தை வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்பது தருக்கத்தின் பழைய முறை. "முன்பு இங்கு இல்லை, ஆகவே இப்போதும் இருக்கத் தகாது" என்ற வடிவம் மனிதர் விடயத்தில் கொடிது என்றால், அதன் கொடுமை மனிதர் என்ற சொல்லில் மட்டும் இல்லை. தோற்றத்திலிருந்து தகுதியைப் பிறப்பிக்கும் அந்த அனுமானமே பிழையானது. தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் வியப்பூட்டும் தெளிவு உடையது. ஐந்திணை ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணா, மா, மரம், புள் எனக் கருப்பொருளை வரையறுத்த தொல்காப்பியம், அவ்வரையறையோடு நின்றுவிடவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தம் நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாது வேறிடத்தில் வரினும், அவை வந்த நிலத்தின் பயனுடையவாகவே கொள்ளப்படும் என அகத்திணையியல் கூறுகின்றது. இது செய்யுள் மரபு பற்றிய விதியே. சூழலியற் சட்டம் அன்று. எனினும் எல்லை வகுத்தவரே எல்லை கடந்து வந்ததற்கும் இடம் வகுத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே ட்ரவுட்டின் பிறப்பிடத்தை வழக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். எஞ்சுவது அதனால் விளையும் தீங்கு பற்றிய வழக்கு மட்டுமே. அது தனியே நிற்கும் வலிமையுடையது. ஓர் இறாலினம் உலகின் ஒரே ஓர் இடத்தில் வாழ்கின்றது. அவ்விடத்தில் அதனை உண்ணும் ஒரு மீனை, உண்பதற்குக் கூட அன்றி விளையாட்டுக்காகச் சேர்ப்பதை நியாயப்படுத்தத் தக்க காரணம் யாது? 2000ஆம் ஆண்டளவில் உலகின் மிகக் கேடான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டபோது, கபில ட்ரவுட், வானவில் ட்ரவுட் ஆகிய இரண்டும் அதில் இடம்பெற்றன. மீன் தானாக ஆக்கிரமித்ததன்று என்பதை மட்டும் அப்பட்டியலைப் படிப்போர் நினைவில் வைத்தல் நன்று. நோர்போக் கப்பலை மீன்கள் செலுத்தவில்லை.

தூண்டில்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆற்றை நேசிப்பவனே ஆற்றைக் காப்பான் என்பர். இது வெறும் பேச்சன்று. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டேர்வென்ற் ஆற்றைக் கழிவுகளால் மாசுபடுத்திய பெரிய தொழிற்சாலைக்கும் நகரசபைக்கும் எதிராக வழக்குத் தொடர்ந்து வென்றது ஒரு தூண்டில்காரர் சங்கமே. நிலத்தையும் நீரையும் அவற்றில் வாழும் உயிர்களையும் ஒரே சமூகமாகக் கருதும் ஒழுக்கவியலை 1949இல் வெளிவந்த நூலில் வகுத்த அல்டோ லியோபோல்ட் தாமே ட்ரவுட் பிடிப்பதில் பெருவிருப்பு உடையவர். எனினும், பிறர் ஊற்றும் நஞ்சைத் தடுப்பவன் தான் சேர்க்கும் இரைகவ்வியைக் காண்பதில்லை. அன்பு என்பது பல வேளைகளில் அன்பு செலுத்தப்படும் பொருளைத் தன் விருப்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையாகத் திரிந்துவிடுகின்றது. பெற்றோர் பிள்ளை உறவிலும் இதனைக் காணலாம்.

மீன் விடுவதன் பயன் பற்றியும் ஓர் ஏமாற்றம் உண்டு. ட்ரவுட் இயற்கையாகவே வாழும் ஆறுகளிலும் "இருப்பை உயர்த்துதல்" என்ற பெயரில் பொரிப்பக மீன்களை விடுவது ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்கால வழக்கமாய் இருந்தது. மொன்ரானா மாநிலத்தின் மடிசன் ஆற்றில் அவ்வழக்கத்தை ஆராய்ந்தபோது, மீன் விடுதலை நிறுத்திய பகுதியில் ஆற்றிற் பிறந்த ட்ரவுட்கள் பெருகியமை கண்டறியப்பட்டது. கொங்கிறீற்றுத் தொட்டியில் நெருக்கமாக வளர்ந்த பெருந்தொகை மீன்கள் திடீரென வந்திறங்கி, ஆற்றுமீன்களின் இடத்தையும் ஒழுங்கையும் குலைத்தன என்பது விளக்கம். 1974 முதல் அம்மாநிலம், தானே இனம்பெருக்கும் ட்ரவுட் உள்ள ஆறுகளில் மீன் விடுதலைக் கைவிட்டது. கொடை என்று எண்ணிச் செய்தது சுமையாக இருந்திருக்கின்றது. பெறுபவனின் நிலையை அறியாது கொடுப்பதைக் கொடை என்பதா என்ற வினாவை இச்சிறு நிகழ்ச்சி எழுப்புகின்றது.

இதுவரை மீனின் தரப்பு பேசப்படவில்லை. விடப்படும் மீனுக்கு நலம் என ஒன்று உண்டா? 2003இல் லின் ஸ்னெடன் முதலியோர் வானவில் ட்ரவுட்டின் உதடுகளில் எரிவூட்டும் பொருள்களைச் செலுத்திச் செய்த ஆய்வில், அம்மீன்கள் உதட்டைப் பரற்கற்களில் உரைப்பதையும், உடலை இருபுறமும் ஆட்டுவதையும், உணவை நெடுநேரம் தவிர்ப்பதையும் கண்டனர். மீனின் மூளையில் மனிதருக்குள்ளது போன்ற மேற்பட்டை இல்லை ஆதலின் அது வலியை உணர்வதாகக் கொள்ளலாகாது என்று மறுப்போரும் உளர். விவாதம் முடியவில்லை. ஆனால் ஐயம் இருக்கும்போது ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது என்பது விஞ்ஞான வினா அன்று, ஒழுக்க வினா. விளையாட்டு ஒருபுறமும் வேதனையின் சாத்தியம் மறுபுறமும் இருக்கையில், ஐயத்தின் பயன் விளையாடுபவனுக்கே செல்லும் என்பது விந்தையான நீதி. பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவது கருணை எனப் பலர் கருதுகின்றனர். சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளோ, விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே தடுத்தன. உண்பதற்கு எனில் கொல்லலாம்; இன்பத்துக்காக வருத்துதல் ஆகாது என்பது அதன் கருத்து. இங்கு கருணையும் கொடுமையும் இடம் மாறி நிற்பதைக் காணலாம்.

மீன் விடுவோர் கூறும் இறுதி வாதம் நுட்பமானது. பொரிப்பகம் இல்லாவிடின் அம்மீன் பிறந்தே இராது. தூண்டிலுக்கு அது தன் வாழ்வையே கடன்பட்டுள்ளது என்பர். பன்றி இறைச்சி உண்பாரைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் லெஸ்லி ஸ்டீபன் இத்தகைய வாதத்தை முன்வைத்தார். பிறவாத ஒன்றுக்கு நன்மை செய்தல் என்பது பொருளற்ற பேச்சு என ஹென்றி சோல்ட் அதற்கு மறுமொழி கூறினார். பிறந்த பின்னரே ஓர் உயிருக்கு நலமும் தீங்கும் உண்டு. ஆகவே பிறப்பித்தவன் பெறுவது உரிமையன்று, பொறுப்பேயாகும். திருக்குறள் துறவறவியலில் கொல்லாமைக்கு ஓரதிகாரமும் புலால் மறுத்தலுக்கு வேறோரதிகாரமும் தனித்தனியே அமைந்திருப்பதும் இங்கு நோக்கற்பாலது. தின்போர் இல்லையேல் விற்போரும் இல்லை என்பது பின்னதன் வாதங்களுள் ஒன்று. அவ்வாதம் உயிரைப் பறிப்பதற்கான தேவையைப் பற்றியது. பொரிப்பகத்தில், பறிப்பதற்காகவே உயிரைப் பிறப்பிக்கும் தேவையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது.

இனி எஞ்சும் வினா கடினமானது. புதிதாக மீன் விடுவதை நிறுத்துதல் எளிது. 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள ஹோட்டன் சமவெளியில் அதற்கு எதிரான நியாயம் எதுவும் நிற்கமாட்டாது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக அங்கேயே பிறந்து அங்கேயே இறக்கும் வானவில் ட்ரவுட்டை என் செய்வது? அவற்றுள் ஒன்றேனும் கப்பலில் வந்ததில்லை. இறாலைக் காப்பதற்காக அவற்றைக் கொல்லலாமா? பிறநாடுகளில் மீனை அகற்றப் பயன்படும் ரொட்டெனோன் என்னும் தாவர நஞ்சு இங்கு உதவாது. செவுள்களால் மூச்சுவிடும் பிற உயிர்களையும் அது தாக்கும். காக்க எண்ணிய இறாலும் பாதிக்கப்படக்கூடும். சியரா நெவாடாவில் செய்தது போல வலையிட்டும், மின்னோட்டத்தால் மயக்கியும், நீர்வீழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட சிறு பகுதிகளில் ஒவ்வொன்றாக எடுப்பதே வழி. அது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. அதைச் செய்வோர், பிடிபடும் ஒவ்வொரு மீனும் தான் இழைக்காத பிழைக்காக இறக்கின்றது என்பதை அறிந்தே செய்தல் வேண்டும்; பகைவனை ஒழிப்பது போன்ற களிப்போடு செய்யின், யானையைச் சுட்டவரின் மனநிலை மீண்டும் சமவெளிக்கு ஏறி வந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். அகற்றிய மீனை எறியாது அயலிலுள்ள தோட்டத்து லயங்களுக்கு உணவாகக் கொடுக்கலாம். துரைமாரின் தூண்டிலுக்கென விடப்பட்ட மீன் அந்த லயங்களின் சட்டிக்கு என ஒருபோதும் விடப்பட்டதில்லை.